வாசலில் நிற்பவருக்கு: சபைக்குப் புதிதாக வருவோரை வரவேற்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சபையில் ஞாயிறு காலையில் வாசலில் நிற்பது என் பொறுப்பு. எங்கள் சேகரத்தில் நகரத்தில் ஓர் ஆலயமும் தேயிலைத் தோட்டங்களுக்குள் சில சிறு ஜெபவீடுகளும் இருக்கின்றன. அங்கிருந்தெல்லாம் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. சில தொலைபேசியில், சில தேநீர் நேரத்தில், சில சற்றுக் கோபத்தோடு. கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டு, கேட்ட விதத்திலேயே இங்கே எழுதியிருக்கிறேன். நான் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவன். கத்தோலிக்க ஆலயங்களில் சில முறைகள் வேறு. அந்த இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

புதிதாக ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார். முதலில் என்ன சொல்வது?

"வணக்கம், வாருங்கள்" என்றால் போதும். "ஸ்தோத்திரம்" என்று சொன்னால் சபைக்குப் பழகியவர் பதில் சொல்வார். பழகாதவர் என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் விழிப்பார். முதல் நிமிடத்திலேயே அவரை ஒரு பரீட்சையில் உட்கார வைக்க வேண்டியதில்லை. மழை நாளென்றால் குடையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நம் மலையில் பாதி ஞாயிறு மழை நாள்தான்.

அடுத்து, அவர் கேட்கக் கூச்சப்படுகிற மூன்று விஷயங்களைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள்: எங்கே உட்காரலாம், கழிப்பறை எந்தப் பக்கம், ஆராதனை எத்தனை மணிக்கு முடியும். கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு இரண்டாவதும், தொலைவிலிருந்து வந்தவருக்கு மூன்றாவதும் பிரசங்கத்தைவிட அவசரமானவை.

எப்படிக் கூப்பிடுவது? பெயர் தெரியாதே.

வயதைப் பார்த்து ஐயா, அம்மா, அண்ணன், அக்கா, தம்பி, தங்கை. "பிரதர், சிஸ்டர்" உங்கள் சபையில் வழக்கமென்றால் அதை உறுப்பினருக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன். கொழுந்து பறிக்கும் பெண்ணானாலும், கவ்வாத்து வெட்டுபவரானாலும், மாணவனானாலும் "வா, இரு" என்று ஒருமையில் பேசக் கூடாது. தோட்டத்தில் நம் பாட்டன் பாட்டியை அப்படித்தான் அழைத்தார்கள். அந்தப் பேச்சு ஆலயத்து வாசலைத் தாண்டக் கூடாது.

வாசலில் நிற்க யாரைப் போடுவது? எங்கள் சபையில் மூத்தவர் நிற்பதுதான் வழக்கம்.

மூத்தவர் நிற்கட்டும். அது வருகிறவருக்குக் கொடுக்கும் மரியாதை. ஆனால் அவர் பக்கத்தில் ஒரு பெண்ணும் நிற்க வேண்டும், அவள் இளையவளாக இருந்தால் இன்னும் நல்லது. தனியாக வரும் பெண்கள் ஒரு பெண்முகத்தைத்தான் தேடுகிறார்கள். இருவர் நிற்பதில் இன்னொரு வசதியும் உண்டு. ஒருவர் புதியவரோடு உள்ளே போனாலும் வாசல் காலியாகாது. ஓயாமல் பேசுகிறவரைப் போடாதீர்கள். அவருக்குப் பாட்டுக் குழுவில் இடம் இருக்கும்.

செருப்பைக் கழற்றச் சொல்வதா, வேண்டாமா?

உங்கள் சபை வழக்கம் எதுவோ அதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், எல்லாரும் சப்பாத்தோடு இருக்கும் இடத்தில் அவர் மட்டும் ஈரக் காலோடு உட்கார்ந்திருப்பார், அல்லது மறுதலையாக நடக்கும். இரண்டுமே அவருக்கு அன்றைய பிரசங்கத்தை மறக்கடிக்கப் போதும்.

முன் வாங்கில் இடம் கொடுத்தால் மரியாதைதானே?

மரியாதைதான், ஆனால் உதவி இல்லை. எப்போது எழுந்து நிற்பது, எப்போது முழங்காலிடுவது என்று முன்னால் இருப்பவர்களைப் பார்த்துத்தான் புதியவர் தெரிந்துகொள்கிறார். முன் வாங்கில் உட்கார வைத்தால் அவருக்கு முன்னால் பலிபீடம் மட்டுமே இருக்கும். நடுவிலோ அதற்குச் சற்றுப் பின்னாலோ, ஓரத்து இடம் கொடுங்கள். பின் வாங்குகளை நம்மவர்கள் பிடித்துக்கொண்டு, பிந்தி வரும் புதியவரை எல்லார் கண்ணுக்கும் முன்னால் நடக்க விடுவது நம் சபைகளின் பழைய வியாதி. சபையார் முன்னால் நகர வேண்டும். இதை நான் வருடக்கணக்காகச் சொல்லிவருகிறேன், நகர்ந்தவர்கள் குறைவு.

இதில் சரித்திரமும் கலந்திருக்கிறது. மலையகத்து ஆலயங்களில் பல, வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாருக்காகக் கட்டப்பட்டவை. நுவரெலியா பரிசுத்த திரித்துவ ஆலயமும் 1878இல் டிக்கோயாவில் எழுந்த வார்லி ஆலயமும் அந்த வகையைச் சேர்ந்தவை. தமிழ்த் தொழிலாளருக்கோ 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் உபதேசிமாரும் சிறு பள்ளிக்கூடங்களும்தான். யார் எங்கே உட்காருவது என்பதில் அந்தக் காலத்து வாசனை இன்னும் சில இடங்களில் அடிக்கிறது. தோட்ட உத்தியோகத்தருக்கென்று எழுதப்படாத "ஸ்டாஃப் வாங்கு" ஒன்று இருக்கும். தெரியாமல் ஒரு தொழிலாளிக் குடும்பம் அதில் போய் உட்கார்ந்தால், உரியவர் வந்து ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நிற்பார். அவர்கள் எழுந்துவிடுவார்கள். பொன் மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் ஏழைக்குப் பாதபடியண்டையும் கொடுப்பதை யாக்கோபு தன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கண்டித்தது இதைத்தான். அப்படி நிற்கிறவரைக் கையைப் பிடித்து வேறு வாங்குக்கு அழைத்துப் போவது வாசல்காரரின் வேலை.

பாட்டுப் புத்தகமும் வேதாகமமும் கையில் கொடுத்துவிடுகிறோம். அது போதாதா?

ஒருமுறை புதியவரின் கையைக் கவனித்துப் பாருங்கள். "கீர்த்தனை நாற்பத்தைந்து" என்று அறிவிக்கிறார்கள். அவர் நாற்பத்தைந்தைத் தேடி எடுக்கிறார். சபை பாடத் தொடங்குகிறது, இவர் பக்கத்தில் வேறு பாட்டு இருக்கிறது. எங்கள் புத்தகத்தில் ஞானப்பாட்டுகளுக்குத் தனி இலக்கம், கீர்த்தனைகளுக்குத் தனி இலக்கம். இது தெரியாமல் முன்னும் பின்னும் புரட்டுவார். இரண்டாம் சரணத்தில் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். பக்கத்தில் இருப்பவர் தன் புத்தகத்தைத் திறந்தபடி நீட்டியிருந்தால் அரை வினாடி வேலை.

இன்னொன்று. தோட்டங்களிலிருந்து வரும் வயதான அம்மாமாரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காலத்துத் தோட்டப் பள்ளிக்கூடம் அவ்வளவுதான். புத்தகத்தை நீட்டிய பிறகு வாங்கத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். பல்லவி இரண்டு முறை பாடப்பட்டால் அவர்கள் மூன்றாவது முறை நம்மைவிடச் சுருதியோடு பாடுவார்கள்.

ஆராதனை நடுவே எழுந்து நின்று பெயர் சொல்லச் சொல்கிறோம், பூக் கொடுத்துப் பாட்டும் பாடுகிறோம். சந்தோஷமாகத்தானே இருக்கிறது? அதை ஏன் விடச் சொல்கிறீர்கள்?

சந்தோஷம் யாருக்கு என்பதுதான் கேள்வி. நின்றவரின் முகத்தைப் பார்த்தவர்கள் சிலரே, ஏனென்றால் எல்லாரும் கை தட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆலயத்துக்கு முதன்முறை வருகிறவர் ஏன் வருகிறார் என்று யோசித்துப் பாருங்கள். கணவனின் குடியால் தூக்கமில்லாத பெண், வீட்டில் சொல்லாமல் வந்திருக்கலாம். வேறு சபையில் மனக்கசப்பு ஏற்பட்டு ஒருவர் ஓரமாக உட்கார வந்திருக்கலாம். வேலை போனதை இன்னும் மனைவியிடம் சொல்லாத ஒருவர் ஒரு மணி நேரம் அமைதியைத் தேடி வந்திருக்கலாம். தோட்டத்தில் செய்தி எப்படிப் போகுமென்று உங்களுக்குத் தெரியும். எழுந்து நின்று பெயரும் தோட்டமும் சொன்னால், அவர் பஸ் இறங்குவதற்கு முன்னால் செய்தி லயத்துக்கு, தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, போய்ச் சேர்ந்திருக்கும்.

இதற்குப் பதிலாக நாங்கள் செய்வது இது. அறிவித்தல் வாசிக்கும்போது, "இன்று முதன்முறை நம்மோடு இருப்பவர்களுக்கு அன்பு வணக்கம். ஆராதனை முடிந்ததும் பின்பக்கத்தில் தேநீர் இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்கிறோம். யாரையும் பார்க்காமல் சொல்கிறோம். பெயர் சொல்ல விரும்புகிறவர் தேநீர் நேரத்தில் தானே சொல்லுவார்.

"பூக் கொடுக்காவிட்டால் புறக்கணித்தார்கள் என்று நினைக்க மாட்டார்களா?" என்று ஒரு மூத்த சகோதரி கேட்டார். யாரும் பேசாவிட்டால் நிச்சயம் நினைப்பார்கள். பேசியவர் இருந்தால் பூவைத் தேட மாட்டார்கள்.

"எந்தத் தோட்டம்?" என்று கேட்பது பிழையா? நாங்கள் எல்லாரையும் அப்படித்தான் கேட்கிறோம்.

அன்போடுதான் கேட்கிறோம், ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மலையகத்தார் கண்டியில் சந்தித்தாலும் கொழும்பில் சந்தித்தாலும் பேச்சு அங்கேதான் தொடங்கும். ஆனால் அந்தக் கேள்வி தனியாக வருவதில்லை. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த லயம், யார் வீட்டுப் பிள்ளை, அப்பாவுக்கு என்ன வேலை என்று வரிசையாக வரும். கடைசிக் கேள்விக்குப் பதில் வரும்போது எதிரில் இருப்பவரின் சாதி, அவர் தொழிலாளியா உத்தியோகத்தரா, எந்தச் சங்கத்து ஆள் என்பதெல்லாம் கேட்டவர் கணக்கில் ஏறிவிடும். பதில் சொன்னவருக்கும் அது தெரியும். அதனால்தான் சிலர் தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல் "டவுன் பக்கம்தான்" என்று முடித்துக்கொள்கிறார்கள்.

வேறு விதமாகத் தொடங்கலாம். "எப்படி வந்தீர்கள்? பஸ் கிடைத்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். நம் வழிகளில் பஸ்ஸைப் பற்றிப் பேச எல்லாருக்கும் ஏதாவது இருக்கும். அதில் அவர் எவ்வளவு சொல்ல விரும்புகிறாரோ அவ்வளவு சொல்வார். மேலே இருந்து நடந்து வந்தேன் என்பார், பிள்ளையை அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்பார். சொன்னதிலிருந்து மட்டும் அடுத்த கேள்வியை எடுங்கள். அவர் தோட்டத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் தாராளமாக உறவு கண்டுபிடியுங்கள், அது வேறு.

சாதியை அறியத்தான் கேட்கிறோம் என்று உள்ளுக்குள் தெரிந்தால், கேட்காதீர்கள். ஞானஸ்நானம் கொடுத்த பிறகும் கல்யாணப் பேச்சில் மட்டும் சாதி விழித்துக்கொள்ளும் சபைகள் நம்மிடம் இருக்கின்றன. அதை இந்தப் பக்கத்தில் தீர்க்க முடியாது. வாசலிலாவது அது வேண்டாம்.

காணிக்கைப் பை புதியவர் முன்னால் வரும்போது என்ன செய்வது?

பையை நிறுத்தாமல் கடத்திவிட வேண்டும். "வருகை தந்தவர்கள் காணிக்கை போட வேண்டிய கட்டாயமில்லை" என்று ஒலிவாங்கியில் அறிவிப்பதையும் நான் விரும்புவதில்லை. ஏழையைச் சுட்டுவதுபோல இருக்கிறது.

திருவிருந்து ஞாயிறில் புதியவர் வந்துவிட்டால்?

சபைக்குச் சபை முறை வேறு. கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை கத்தோலிக்கருக்கே. அங்கிலிக்கன் ஆலயங்களில் பொதுவாக ஞானஸ்நானம் பெற்று, தம் சொந்தச் சபையில் திருவிருந்து பெறுகிறவர்கள் வரலாம். மெதடிஸ்தருடைய மேசை பெரும்பாலும் இன்னும் திறந்திருக்கும். உங்கள் முறை எதுவோ, அதைத் திருவிருந்துக்கு முன்னால் இரண்டு வாக்கியத்தில் குருவானவரே சொல்லிவிடுவது நல்லது. மேசைக்கு வந்த பிறகு ஒருவரைத் திருப்பி அனுப்புவதைப்போல மோசமானது வேறில்லை.

வாங்கில் இருந்துவிடலாம், அல்லது கைகளை மார்பின் மேல் குறுக்காக வைத்துக்கொண்டு வந்தால் ஆசீர்வாதம் பெறலாம் என்று சில ஆலயங்களில் சொல்கிறார்கள். நல்ல முறை. வரிசை போகும்போது உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் நம்மவர் ஒருவரும் உட்கார்ந்தே இருந்தால் அவர் தனித்துத் தெரிய மாட்டார்.

ஆசீர்வாதம் கூறுவதற்கு முன்பே எழுந்து போய்விடுகிறார்கள். எங்கள் ஆராதனை பிடிக்கவில்லையா?

பஸ் நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டப் பக்கம் போகும் பஸ்கள் குறைவு. ஒன்றை விட்டால் முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கும் காசு ஒருநாள் சம்பளத்தைத் தின்றுவிடும். சில ஞாயிறுகளில் தோட்டத்தில் கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பார்கள். அதையும் விட்டுவிட்டு ஒரு குடும்பம் வந்திருக்கிறதென்றால், அவர்கள் ஏற்கெனவே ஒரு காணிக்கை போட்டுவிட்டார்கள்.

ஒன்பது மணி என்று போட்டால் ஒன்பதுக்குத் தொடங்குங்கள். அறிவித்தல்களை அரைமணி நேரம் வாசிக்காதீர்கள். கடைசிப் பாட்டின்போதே வாசல்காரர் வாசலுக்கு வந்துவிட வேண்டும். முன்னதாகப் போகிறவரிடம் "போய் வாருங்கள், குடை இதோ" என்று சொல்ல அங்கே ஆள் இருக்க வேண்டும்.

தேநீருக்கு நிற்கிறவர்களும் சுவரோரம் தனியாகத்தான் நிற்கிறார்கள். என்ன செய்யலாம்?

நமக்கு வாரம் முழுவதும் பேசாத கதை இருக்கிறது. சங்கக் கூட்டம், அறுப்புப் பண்டிகை ஏலம், யார் பிள்ளை எந்தப் பல்கலைக்கழகம் என்று வட்டமாக நின்றுவிடுகிறோம். அந்த வட்டத்துக்கு வெளியிலிருந்து பார்த்தால் முதுகுகள் மட்டுமே தெரியும். எங்கள் சபையில் ஒரு விதி வைத்திருக்கிறோம்: தேநீரின் முதல் கோப்பை முடியும்வரை சபை விஷயம் பேசக் கூடாது, தெரியாத முகத்தோடுதான் பேச வேண்டும். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிட நன்றாகச் செய்கிறார்கள்.

கோப்பையையும் கவனியுங்கள். குருவானவருக்கும் கமிட்டிக்கும் பீங்கான் கோப்பையும் சோசரும், மற்றவர்களுக்குப் பிளாஸ்டிக் கோப்பை என்று இன்னும் சில இடங்களில் நடக்கிறது. குசினியில் இருப்பவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, பீங்கான் போதாது அவ்வளவுதான். ஆனால் உத்தியோகத்தர் வீட்டுப் படியில் நின்று தனிக் கோப்பையில் தேநீர் வாங்கிக் குடித்த நினைவு நம் ஆட்களுக்கு இருக்கிறது. எல்லாருக்கும் பிளாஸ்டிக் என்றால் எல்லாருக்கும் பிளாஸ்டிக். உலகத்துக்கே தேயிலை அனுப்பும் மலையில் இருந்துகொண்டு நாம் குடிப்பது பெரும்பாலும் தூள்தான். சூடாகவாவது கொடுங்கள்.

வருகைப் பதிவேட்டில் என்னென்ன எழுதி வாங்கலாம்?

பெயர். விரும்பினால் தொலைபேசி இலக்கம். அவ்வளவுதான். அடையாள அட்டை இலக்கம், தொழில், சமயம் என்று நிரல் போட்ட பதிவேடு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில்கூட அவ்வளவு கேட்க மாட்டார்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரின் சமய நம்பிக்கையை விசேட கவனத்துக்குரிய தரவாக வைத்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது பண்பாடு.

எழுதியவரின் இலக்கத்தை அவரைக் கேட்காமல் சபையின் வட்ஸ்அப் குழுவில் சேர்க்காதீர்கள். படம் எடுத்து முகநூலில் போடுவதும் அப்படியே. காரணம், எழுந்து நிற்கச் சொல்வது பற்றிய விடையில் இருக்கிறது.

வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது எப்போது? எத்தனை பேர் போகலாம்?

கேட்டுவிட்டுப் போங்கள். "இந்தப் பக்கம் வந்தோம்" என்று திடீரென்று போய் நிற்பது உறவினருக்கு மட்டுமே சரி. இருவர் போதும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பெண் தனியாக இருக்கும் வீட்டுக்கு ஆண்கள் மட்டும் போகவே கூடாது.

லயத்து வீட்டை மனத்தில் வைத்துப் பேசுகிறேன். ஒரு காம்பரா, அதாவது ஒரு அறை. முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை. ஆறு பேர் கொண்ட விசுவாசிகள் குழு போய் இறங்கினால் வீட்டுக்காரர்கள் கட்டிலில் இருந்த துணியை அள்ளி மூலையில் போடுவார்கள், பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு ஓட்டிச் சீனி வாங்கி வரச் சொல்வார்கள், கடையில் கடனுக்கு பிஸ்கட் வரும். நாம் ஜெபம் செய்துவிட்டு நிறைவாகத் திரும்பிவிடுவோம். அந்தப் பிஸ்கட்டின் கடன் சம்பள நாள்வரை நிற்கும். ஆகவே போகும்போதே ஏதாவது கொண்டு போங்கள், சாயத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு வாருங்கள்.

ஜெபம் செய்யலாமா என்று கேட்ட பிறகு செய்யுங்கள், மெதுவான குரலில் செய்யுங்கள். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு சுவர். கூரைக்குக் கீழே சில இடங்களில் அதுவும் முழுதாக இல்லை. பக்கத்து வீட்டில் மாரியம்மனுக்கு விளக்கு வைக்கும் நேரத்தில் நாம் உரத்த குரலில் பிசாசைத் துரத்திக்கொண்டிருந்தால், நாம் போன பிறகு அங்கே வாழப் போவது அந்தக் குடும்பம்தான்.

இந்து அயலவர் பொட்டோடும் திருநீற்றோடும் வருகிறார். என்ன சொல்வது?

மற்றவர்களுக்குச் சொல்வதைத்தான். பொட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். நோயாளிப் பிள்ளைக்காக, பரீட்சைக்காக, காணாமல்போன நகைக்காகக்கூட வருவார்கள். ஜெபம் கேட்டால் ஜெபம் செய்யுங்கள். அதன் பிறகு வராமல் போனால் நன்றி கெட்டவர் என்று சொல்லாதீர்கள். நாமும் அவர்கள் வீட்டுச் சடங்குக்குப் போய்ச் சாப்பிட்டு வருகிறவர்கள்தான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பயத்தோடு கேட்கிறார்கள். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் சிந்தனை, மனச்சாட்சி, சமயச் சுதந்திரத்தைக் கொடுக்கிறது. சமயத்தைக் கைக்கொள்ளும் உரிமை 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது. பலவந்த மதமாற்றத்தைத் தடைசெய்யும் சட்டமூலம் ஒன்று 2004இல் வந்தது, சட்டமாகவில்லை. ஆனால் அரிசிக்கும் மருந்துக்கும் ஆள் சேர்க்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு எங்கும் பேசப்படுகிறது. உதவியையும் அழைப்பையும் ஒரே கையால் நீட்டாமல் இருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

மண்சரிவில் வீடிழந்தவர்கள் எங்கள் மண்டபத்தில் தங்கினால் ஆராதனைக்கு அழைக்கலாமா?

ஆராதனை எத்தனை மணிக்கு என்று பலகையில் எழுதி வையுங்கள். பாய் பாயாகப் போய் அழைக்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணுக்குள் போன லயங்களை நம் மக்கள் மறக்கவில்லை. மழைக்காலம் வந்தாலே மேட்டைப் பார்த்துக்கொண்டு தூங்கும் குடும்பங்கள் அவர்கள். கூரை கொடுத்தவர் அழைக்கும்போது "வேண்டாம்" என்று சொல்ல அவர்களால் முடியாது. மறுக்க முடியாத அழைப்பை அழைப்பென்று சொல்ல மாட்டேன்.

உலர் உணவுப் பொதிகளை ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு கொடுக்காமல் சனிக்கிழமையே கொடுத்துவிடுங்கள். அவர்களின் பிள்ளைகள் ஞாயிறு பாடசாலைக்கு ஓடி வந்தால், பெற்றோரைக் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ் தெரியாதவர் வந்தால்?

சிங்களம் தெரிந்த நம்மவர் ஒருவரை அவர் பக்கத்தில் உட்கார வைத்து, வசனத்தையும் பிரசங்கத்தின் சாரத்தையும் காதோடு சொல்லச் செய்யுங்கள். நம் இளைஞர்களில் பெரும்பாலோருக்கு அந்த அளவு தெரியும். அவர் ஒருவருக்காக முழு ஆராதனையையும் மும்மொழியில் இழுத்தால் அவரே சங்கடப்படுவார். ஏப்ரல் சீசனில் நுவரெலியாப் பக்கம் வரும் வெளிநாட்டவர் பெரும்பாலும் கட்டடத்தைப் பார்க்க வருகிறவர்கள். அரைக் காற்சட்டையைப் பார்த்து முகம் சுளிக்காமல் பின் வாங்கைக் காட்டுங்கள், ஜெபத்தின்போது படம் எடுக்க வேண்டாமென்று சைகையால் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

2019க்குப் பிறகு பைகளைச் சோதிக்கிறோம். வரவேற்பதும் சோதிப்பதும் எப்படி ஒன்றாகப் போகும்?

அந்த ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் நடந்ததை மறந்துவிட்டு வாசலில் நிற்க முடியாது. ஆனால் சீயோனில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்து நினையுங்கள். பையோடு வந்த அந்நியனிடம் சபையார் பேச்சுக் கொடுத்தார்கள், உள்ளே விடவில்லை. குண்டு ஆலயத்துக்கு வெளியே முற்றத்தில் வெடித்தது. அப்போதும் இழப்பு கொடியதுதான், பிள்ளைகள் பலர். உள்ளே வெடித்திருந்தால் இன்னும் எத்தனை பேர் என்று நினைக்கவே நடுங்குகிறது. புதியவரோடு நின்று பேசுகிறவர்தான் காவலாளியும்.

சோதிப்பதென்றால் எல்லார் பையையும் சோதியுங்கள். செயலாளரின் பையை விட்டுவிட்டுத் தெரியாதவரின் பையை மட்டும் திறக்கச் சொல்வது அவமானம். தாடியையோ தொப்பியையோ முக்காட்டையோ பார்த்துத் தேர்ந்தெடுப்பது அதைவிட மோசம். "எல்லாருக்கும் இதுதான் முறை, மன்னியுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

வேறு சபையில் கோபித்துக்கொண்டு வருகிறவர்களை ஏற்கலாமா?

உட்கார இடம் கேட்டால் யாருக்கும் உண்டு. ஆனால் அங்கே நடந்ததை நம்மிடம் விவரிக்கத் தொடங்கினால், "குருவானவரிடம் சொல்லுங்கள்" என்று அன்போடு நிறுத்துங்கள். நம் குருவானவர் அந்தச் சபைக் குருவானவரோடு பேசட்டும். பக்கத்துச் சபையின் குறையைக் கேட்டு மகிழ்கிற சபை, அதே வாயிலிருந்து தன் குறையையும் ஒருநாள் கேட்கும். வந்த வேகத்தில் அவரைக் கமிட்டியில் போடாதீர்கள். முக்கியமாக, நன்றாகப் பாடுகிறவரென்றால் பொறுமையாக இருங்கள். பாட்டுக் குழுத் தலைவர்களுக்கு இந்த இடத்தில் கண் தெரிவதில்லை.

ஒரு விலக்கு. தன் சபையில் தனக்கோ தன் பிள்ளைக்கோ தீங்கு இழைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால் அது கோபம் இல்லை, முறைப்பாடு. அதைக் கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள், தேவைப்பட்டால் பொலிஸ்வரை கூடப் போங்கள். இரண்டு குருவானவர்கள் பேசித் தீர்க்கும் விஷயமாக அதை விட்டுவிடாதீர்கள்.

மூன்று நான்கு வாரம் வருகிறார்கள், பிறகு நின்றுவிடுகிறார்கள். எங்கே பிழை?

பல நேரங்களில் எங்கும் பிழை இல்லை. ஆசிரியர்களுக்கும் தோட்ட உத்தியோகத்தருக்கும் இடமாற்றம் வரும், கொழும்பில் வேலை கிடைக்கும், வீட்டில் யாராவது தடுப்பார்கள். ஆனால் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். முதல் வாரம் பலர் பேசியிருப்பார்கள், நான்காம் வாரம் எத்தனை பேர் பேசினார்கள்? நம் சபைகள் வருகையாளரை நன்றாக உபசரிக்கும். அவர் வருகையாளராக இல்லாமல் போகும் நாளில்தான் என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிடும்.

வேலை கொடுங்கள். பதவி இல்லை, வேலை: கதிரை அடுக்க, நத்தாருக்குக் கடதாசிப் பூ வெட்ட, கெரோல் போகும் இரவில் விளக்குப் பிடிக்க. ஒரு வாரம் காணாவிட்டால் "ஏன் வரவில்லை?" என்று கேட்காமல் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று ஒருவர் தொலைபேசியில் பேசட்டும். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு, வராதவனைக் கங்காணி கேட்ட தொனி முதல் கேள்வியில் இருக்கிறது.

கொழும்பில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் நத்தாருக்கு மட்டும் வருகிறார்கள். அவர்களுமா புதியவர்கள்?

ஆமாம், பாதிப் புதியவர்கள். கடையிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் வருடம் முழுவதும் நின்று வேலை செய்துவிட்டு வருகிற பிள்ளையை "இப்போதுதான் வழி தெரிந்ததா?" என்று வாசலிலேயே கேலி செய்யும் மாமாமார் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். பிள்ளை சிரித்துவிட்டு உள்ளே போகும், அடுத்த வருடம் வாசல் வழியாக வராமல் வீட்டிலேயே இருந்துவிடும். அந்த மாமாவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கூடவே வேறு சமயத்து மருமகனோ மருமகளோ வந்தால், எந்தத் தோட்டம் என்ற கேள்வி பற்றி மேலே சொன்னது இரண்டு மடங்காகப் பொருந்தும்.

அவர்கள் திரும்பிப் போவதற்கு முன் ஒரு காரியம் செய்யலாம். கொழும்பில் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று கேட்டு, அதற்குப் பக்கத்தில் தமிழ் ஆராதனை நடக்கும் ஆலயம் எது, எத்தனை மணிக்கு, எந்த இலக்க பஸ் போகும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். குருவானவர் அங்குள்ளவருக்கு ஒரு அழைப்பு எடுத்தால், அந்த வாசலில் நிற்பவருக்கு இவர்கள் வருவது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.